ஒரிஜினலைக் குடுத்துராதீய

உம்மா,

போன வியாழக்கிழமை வள்ளியூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கூடப் படிக்கிற தோழியின் அக்காவுக்குக் கல்யாணம். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. அந்த நர்சிங் கல்லூரி நிறுத்தம் நெருங்கியதும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. வாசல் வளைவில் இருந்த பித்தளை எழுத்துகளைக் கழற்றிவிட்டார்கள். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்ற முற்றத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மதிலில் ஒரு தட்டி: கட்டடம் வாடகைக்கு, குடோனுக்கு ஏற்றது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். எதையும் யோசிக்காமல் கைப்பேசியை எடுத்து உன் பெயரைத் தேடினேன். பெயர்மேல் விரல் வைத்த பிறகுதான், நீ மவுத்தாகி எட்டு மாதம் ஆகிறது என்று நினைவு வந்தது. இந்தச் செய்தியை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததில் பெரும்பாலும் உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னால் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

மேலப்பாளையத்தில் நம் வீட்டின் முன்னறையில், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே என்னைப் படிக்க வைத்தவள் நீ. வாப்பா கொல்லத்தில் டீக்கடையில் நின்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நான் நீட் எழுதினேன். மதிப்பெண் பெரிதாகவும் இல்லை, ஒதுக்கித் தள்ளும்படியும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் முதல் சுற்றில் என் எண் வரவில்லை. வருஷம் வீணாகிவிடுமே என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நர்சிங்காவது படிக்கட்டும் என்று என்னை அந்தக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாய்.

அலுவலகத்தில் இருந்த பெண் என் சான்றிதழ்களை எல்லாம் கேட்டாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட சான்று. எல்லாம் அசல். சரிபார்த்துவிட்டுத் தருவோம் என்றாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதித் தரக் கூடாதா என்று நீ கேட்டாய். "நம்பிக்கை இல்லையாம்மா?" என்று அவள் சிரித்தாள். உனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாய். அந்த இரண்டு கையைப் பற்றித்தான் பிறகு வருஷக்கணக்காகப் பேசினாய்.

வகுப்பு தொடங்கி மூன்று வாரத்தில் இரண்டாம் சுற்று முடிவு வந்தது. ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். அன்று வியாழன். நீ சுளகைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்தாய். உன் விரலில் இருந்த புகையிலைத் தூள் என் கண்ணில் விழுந்து எரிந்தது. இரண்டு பேரும் அழுதோம், எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

வியாழன் மதியம் போனோம். தாளாளர் ஊரில் இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய் வராந்தாவில் உட்கார்ந்தோம். ஜும்ஆ நேரம் போனது, சாப்பாட்டு நேரமும் போனது. நாலு மணிக்கு அவர் அறையிலிருந்து வெளியே வந்தார். காருக்கு நடந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். படிப்பைப் பாதியில் விட்டால் நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் சான்றிதழை வாங்க வேண்டும், அது கல்லூரி விதி என்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டராகப் போற பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு காசா?"

நீ அவர் காலைத் தொடக் குனிந்தாய், உம்மா. படைத்தவனைத் தவிர யாருக்கும் தலை குனியக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். சேறு படப்போகிறதே என்று நகர்வது போல. வாட்ச்மேனைக் கூப்பிட்டு நம்மை வெளியே விடச் சொன்னார்.

சனிக்கிழமை ஜெராக்ஸ் பிரதிகளோடு அந்த மருத்துவக் கல்லூரிக்கே போனோம். சேர்க்கை மேசையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அசல் இல்லாமல் சேர்க்க விதியில் இடமில்லை என்றார். ஐந்து மணி வரை நம்மை அங்கேயே உட்கார வைத்தார், யாராவது கொண்டுவந்துவிட மாட்டார்களா என்று. யாரும் வரவில்லை. ஐந்து அடித்ததும் பதிவேட்டை மூடும்போது அவர் நம் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். அதற்குப் பலன் கிடைத்தது. ஒன்பது நாளில் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. என் இடம் அதற்குள் எனக்கு அடுத்த எண்காரருக்குப் போய்விட்டது. மனு கொடுத்த அன்று, அலுவலகத்துக்குப் பின்னால் ஆற்றில் இறங்கி நீ முகம் கழுவினாய். அப்போது வாப்பா போனில் வந்தார். விட்டுவிடச் சொன்னார், அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றார். ஈரக் கையோடு போனை வாங்கி நீ சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

"அல்லாஹ் பாப்பான். அவன் பாக்கதுக்குள்ள நானும் கொஞ்சம் பாக்கேன்."

கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை, நீ சுளகையும் பீடி இலையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு எட்டு மணிப் பேருந்தில் ஏறிவிட்டாய். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற நிழற்குடையில் போய் உட்கார்ந்தாய். மடியில் சுளகு, பக்கத்தில் லேமினேட் செய்த என் ஒதுக்கீட்டு ஆணை. பிள்ளையோடு யார் இறங்கினாலும் பீடி சுற்றுகிற கையை நிறுத்தாமல் கேட்பாய்: "எம்மா, புள்ளய சேக்கவா போறீய?" ஆமாம் என்றால் ஆணையை எடுத்துக் காட்டுவாய். "இந்தா பாருங்க, எம் மவளுக்கு வந்த சீட்டு. தேதியப் பாருங்க. சேருங்க, வேண்டாங்கல. ஒரிஜினலைக் குடுத்துராதீய."

ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னதில்லை, யாரையும் திட்டியதில்லை. வேலையும் கெடவில்லை, சாயங்காலம் வழக்கமான எண்ணிக்கை பீடியோடுதான் வீடு திரும்புவாய்.

எனக்கு அப்போது அது பெரிய அவமானமாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், உங்க உம்மா அங்கன உக்காந்திருக்காளே, புத்தி கித்தி பிசகிருச்சா என்று கேட்டார்கள். நான் உன்னோடு சண்டை போட்டேன். பையை ஒளித்து வைத்தேன். நீ தேடி எடுத்துக்கொண்டு, "படிக்கது ஒன் சோலி. இது என் சோலி" என்றாய்.

போலீஸும் வந்தது. கல்லூரிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். எஸ்.ஐ. வண்டியை நிறுத்தி, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாராம். பீடி சுற்றுதேன் என்றாயாம். ஆணையை வாங்கி இரண்டு முறை படித்திருக்கிறார். அவர் மகளும் அந்த வருஷம்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருஷமே எனக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. இந்தத் தடவை சான்றிதழ்கள் உன் பெட்டியில் இருந்தன. நீயே தூக்கிக்கொண்டு வந்தாய், மேசையில் வைக்கும்வரை கையை விடவில்லை. இனி அந்த நிழற்குடைக்குப் போக மாட்டாய் என்று நம்பினேன். அடுத்த மே மாதமும் போனாய். விடுதியிலிருந்து போன் போட்டு, எனக்குத்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். நீ சொன்னாய்: "ஒனக்குக் கெடச்சிட்டு. நான் குனிஞ்சது குனிஞ்சதுதானே."

அதன் பிறகு நான் கேட்கவில்லை.

மூன்றாம் கோடையில் அங்கே இறங்குகிற கூட்டம் பாதியாகிவிட்டது என்று சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கேட்டதில்லை, எனக்கு இடம் கிடைத்த அன்றுகூட. நான்காம் கோடையில் ஒரு நாள் அந்தத் தாளாளரே சாலையைக் கடந்து வந்திருக்கிறார். நிழற்குடை பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடந்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், வேண்டுமானால் உங்கள் தெருவில் ஏழைப் பிள்ளை ஒன்றைச் சொல்லுங்கள், நாலு வருஷமும் இலவசமாகப் படிக்க வைக்கிறேன் என்றாராம். நீ பீடியின் வாயை மடக்கி, நூலைக் கட்டி, சுளகில் வைத்துவிட்டு நிமிர்ந்தாயாம்.

"அந்தப் புள்ள சர்டிபிகேட்டை எங்கன வச்சுப் பூட்டுவீய, அண்ணாச்சி?"

அவர் எழுந்து போய்விட்டார். இதைப் போனில் நீ சொன்னபோது விடுதி வராந்தாவில் நின்று நான் சிரித்த சிரிப்பில் வார்டன் எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் உம்மா, உன் சோலி என் சோலியும் ஆனது.

அந்தக் கோடை முடிந்ததும் உன் இருமல் முற்றியது. இத்தனை வருஷம் சுவாசித்த புகையிலைத் தூள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, படித்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகாதா என்று இருந்தது. கடைசி நாட்களில் உன் தங்கை, என் சாச்சி, உன் காதருகே குனிந்து, எல்லாரையும் பொருந்திக்கொண்டாயா, யார்மேலும் மனசில் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். கேட்பது வழக்கம்தானே. மன்னித்துவிட்டுப் போனால் பயணம் லேசாக இருக்கும். நீ ஒவ்வொரு பெயராகச் சொன்னாய். நகைக்காகச் சண்டை போட்ட மாமியை, சுற்றிய பீடியைக் கழிவென்று தள்ளிக் கூலியைக் குறைத்த ஏஜெண்டை, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்த அந்த அலுவலகப் பெண்ணைக்கூடப் பொருந்திக்கொண்டதாகச் சொன்னாய். பிறகு ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாய்.

"அவரை மட்டும் இல்ல. அவரை நான் மறுமையில பாத்துக்கிடுதேன்."

சாச்சி பதறிப்போய் உன் வாயைப் பொத்தினாள். நான் முகமூடியைச் சரிசெய்தேன். சரிசெய்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பொருந்திக்கொள் என்று நான் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் முடிந்ததும் அவர் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லையாம், மகளாவது தாயின் சார்பில் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாக இருக்குமாம். வந்தவருக்குத் தேநீர் கொடுத்தேன். அது தாளாளருக்கும் என் உம்மாவுக்கும் உள்ள வழக்கு, எனக்கு அதில் கையெழுத்துப் போட உரிமை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. உன் மகள்தான்.

கல்லூரியை மூடியதற்கு ஊரில் பல காரணம் சொல்கிறார்கள். கடன் என்கிறார்கள், பங்காளிச் சண்டை என்கிறார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு காரணம் போதும்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. பாபநாசம் போகிற சாலையில் அவர் மகன் புதிதாக ஒரு பார்மசி கல்லூரி ஆரம்பித்திருக்கிறான். அப்பாவின் விதிகள்தான் அங்கேயும், விண்ணப்பப் படிவத்தில் அதே வரிகள். எனக்குத் தேர்வு முடிந்து விடுமுறை. நேற்றுக் காலை அங்கே போனேன். எதிரே நிழற்குடை கிடையாது. ஒரு டீக்கடையின் ஓலைச் சாய்ப்பு இருக்கிறது, அங்கே நின்றேன்.

உன்னைப் போல எனக்குப் பேச வரவில்லை. முதலில் இறங்கியவர்களிடம், வணக்கம், நான் மருத்துவம் படிக்கிற மாணவி, உங்களுக்கு ஒரு முக்கியமான தகவல் என்று ஆரம்பித்தேன். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். அடுத்த குடும்பமும் அப்படியே. மூன்றாவதாக ஒரு அம்மா இறங்கினாள். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களைப் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பின்னால் அவள் மகள்.

"எம்மா, புள்ளய சேக்கவா போறீய?" என்றேன்.

அவள் நின்றாள்.