குளிராத கீழ்த்தட்டு

2009 ஏப்ரல் 28
பால் மறுபடி திரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் மேலே பனி மலையாக நிற்கிறது, கீழே தண்ணீர் பாட்டில்கூடக் குளிரவில்லை. "அதுக்கும் வயசாயிடுச்சுங்க, நம்மள மாதிரி" என்று ராசம்மாள் சிரித்தாள்.

மே 3
நாள் முழுக்க அணைத்து வைத்தேன். பனி உருகி ஹால் வரைக்கும் தண்ணீர். திரும்பப் போட்டதும் நன்றாகக் குளிர்ந்தது. அப்பாடா.

மே 11
மறுபடி அதே கதை.

மே 19
அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. சிதம்பரத்து டாக்டர் இன்சுலினை இரண்டு மடங்காக்கிவிட்டார். "வாயக் கட்டணும்மா" என்றார். பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "நான் திருடித் திங்கறேன்னு நினைக்கறீங்களா?"
இல்லை என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டேன் போல. கடலூர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 31
கோயிலுக்குப் போய் வந்ததும் ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றினேன். குழாய் முழுக்கப் பனி மூடி, காற்று கீழே இறங்க வழியே இல்லை. அந்தப் பனியை உருக்கத்தான் அடியில் ஒரு ஹீட்டர். மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.
அப்போதுதான் உறைத்தது — கதவுத்தட்டில் அவள் இன்சுலின்! இத்தனை வாரம் இந்த வெயிலில் வெந்து, மருந்தே செத்துப்போயிருக்கிறது. அவள் எதையும் திருடித் தின்னவில்லை.
சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஜூன் 2
புது ஹீட்டர் மாட்டியாச்சு, என் கையாலேயே. கீழ்த்தட்டில் கை வைத்தால் வெடவெடங்குது. பழைய மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நானே ஊசி போட்டேன். "ஆபீஸ விட்டுட்டு மெக்கானிக் கடை வைங்க" என்றாள்.

ஜூன் 3
காலையில எழுப்பினா எழுந்திருக்கல. உடம்பெல்லாம் வேர்வை. ராசம், ராசம்னு கத்தறேன் —
ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஜூன் 6
மகள் ரேகா வந்தாள். "புது மருந்துக்கு டோஸக் குறைச்சீங்களாப்பா?"
செத்த மருந்தை வைத்து ஏற்றிய அளவு அது. நல்ல மருந்தையும் அதே அளவு போட்டுட்டேன். டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ஹீட்டரக் கண்டுபிடிச்ச புத்திக்கு இது ஏன் தோணல? ஏன் தோணல ஆண்டவரே?
ரேகா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 21
கண் விழித்தாள். கஞ்சி விழுங்குகிறாள். மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை போகாமல் இருந்திருக்கிறதாம். போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள்.

ஜூலை 9
வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நடக்கிறாள். பேச்சுதான் குறைவு.

ஆகஸ்ட் 14
லீவு போட்டுவிட்டு அவளோடு இருக்கிறேன். மத்தியானம் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். கையைத் தடுத்து, "நீங்க யாருங்க?" என்றாள்.
"தேவசகாயம்."
"அவுங்க ஆபீஸ் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துடுவாங்க. உக்காருங்க."
உட்கார்ந்தேன்.