முப்பத்திரண்டை முதலில்

செவ்வாய் இரவு. கால் கடுக்கிறது.

இன்று காலை தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்கான தேர்வு. தேறினால் அமிலத் தொட்டியை விட்டுப் போகலாம். செல்சியசை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, கடைசியில் முப்பத்திரண்டைக் கூட்டும் பாரன்ஹீட் சூத்திரத்தைச் செல்சியசுக்குத் திருப்பி எழுதச் சொன்னார்கள். முதலில் ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தேன். முப்பத்திரண்டைக் கடைசியில்தான் கழித்தேன். நூறு வரவேண்டிய கொதிக்கும் தண்ணீருக்கு எண்பத்தாறு டிகிரி வந்தது. அப்போதும் உறைக்கவில்லை, தாளைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும், கூடவே எழுதிய மல்லிகா அக்கா என் விடையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடைசியா கூட்டுனத முதல்ல எடுக்கணும்லா. துணி கிளவுசுக்கு மேல ரப்பர் கிளவுஸ் போடுறோம், எத முதல்ல கழட்டுவ?"

எரிச்சலாக இருந்தது. தொட்டிக்குத் திரும்பினேன்.

வேலை முடிந்ததும் ரப்பரை உருவினேன், பிறகு துணியை. யோசிக்கவே இல்லை. காலையில் இந்தக் கைகள் எங்கே போயிருந்தன?