விண்ணேற்றத்துக்குள் மணல் வந்துவிடும்

சின்ன மணல் கடற்கரை,
பிப்ரவரி கடைசி ஞாயிறு.

கடல் தாண்டி மெல்போர்னில் இருக்கும் அன்பு மருமகள் அரெத்திக்கு உன் தாய்மாமன் ஸ்டமாட்டிஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மரூலியாவும் ஆடுகளும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். சின்னது இல்லை, முழங்கை நீளம். பாதிரியாரே பார்த்துவிட்டு, கோயில் பற்றிக்கொள்ளப் போகிறது என்று பயந்துவிட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உன் அம்மா அனேஸா கப்பலேறிய அன்றைக்கே, துறைமுகத்தில் இருநூறு பேர் முன்னால், "அந்த ஊரு ஃபேக்டரியில நின்னுக்கிட்டே இருந்தா ஒரு நாள் ஒரு பக்கம் விழுந்துடும்மா" என்று சொன்னேன். வலது கை, வலது கால் என்று பக்கத்தைக்கூடச் சொன்னதாக ஞாபகம். கடைசியில் நம் கடலைத்தான் தேடுவாள் என்றும் சொன்னேன். இந்தக் குளிர்காலத்துத் தெற்குக் காற்றையும் சொன்னேன். சாட்சி வேண்டுமானால் காப்பிக் கடை பந்தெலிஸைக் கேள். அவன் இல்லை என்பான். அவன் இல்லை என்பான் என்பதையும் நான் முன்பே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. பயணத்தைப் பற்றி நீ கேட்டிருந்ததற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். படித்தது நாலாம் வகுப்புதான் என்றாலும் இந்தத் தீவில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகப் படகில் வராதீர்கள். அது குதிக்கும். பெரிய கப்பலில் வாருங்கள். மெதுவாக வந்தாலும் அதன் பின்கதவு தரையோடு தரையாக இறங்கும், அம்மாவின் சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி இறக்கிவிடலாம். கப்பல் தலைவன் எனக்கு வேண்டியவன். நான் கையைக் காட்டினால் கப்பலை இன்னும் இரண்டு முழம் கரைப் பக்கம் தள்ளி நிறுத்துவான்.

தங்குவதற்குக் கீழ் அறை. வாசற்படியை உடைத்துச் சமமாக்கிவிட்டேன். குளியலறைக் கதவையும் கழற்றி வைத்தாயிற்று. அதற்கு உன் அத்தை, "கதவில்லாத குளியலறையில உன் தங்கச்சி குளிப்பாளா, இல்ல ஊரே குளிக்குமாய்யா?" என்று கேட்டாள். திரை போடச் சொல்லியிருக்கிறேன்.

தேதி விஷயத்தில் குழப்பம் இல்லை. ஈஸ்டர் முடிந்து நாற்பதாம் நாள் வரும் ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டால் போதும். அன்றைக்குத்தான் எங்களுக்கு வருடத்தின் முதல் கடல் குளிப்பு. காலில் நாற்பது அலை பட்டால் அந்த வருடத்து நோய் உடம்பை விட்டுப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் பிறந்த உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உன் அம்மாவுக்குச் சிரிப்பில்லை. சின்ன வயதில் முப்பத்தைந்து அலையிலேயே குளிரில் பல்லடிக்க நிற்பாள், ஆனால் கரையேற மாட்டாள். "அண்ணே, நீ எண்ணிட்டே இரு, தப்பா எண்ணினா மறுபடி முதல்லேருந்து" என்பாள். நான் தப்பாக எண்ணியதே இல்லை.

போன மாதம் போனில் அவள் என்னோடு பேசினாள். நீ பக்கத்தில் இருந்தாய், கேட்டிருப்பாய். அவள் வாய் இப்போது சொற்களைப் பாதியில் விட்டுவிடுகிறது. ஒன்றும் புரியவில்லை எனக்கு. ஏதோ கேட்டாள், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாள். நான் "ஆமாம்மா, ஆமாம்மா, இருக்கு, எல்லாம் இருக்கு" என்றேன். அப்புறம் அவள் சிரித்தது கேட்டது. என்ன கேட்டாள் என்று உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மணல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அம்மா கோலை ஊன்றி, வெறுங்காலோடு, மணலில்தான் நாலடி நடக்க முடியும். கல்லில் அந்த வலது கால் மடங்கிவிடும். கரை மணலாக இருந்தால் டிக்கெட் எடுப்பேன், இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன், இவ்வளவு தூரம் வந்து ஏமாந்து நிற்க அவளால் முடியாது என்று எழுதியிருந்தாய். அடுத்த வருடம் விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டவில்லை. கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டேன்.

இனிக் கடற்கரை விஷயம்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கடற்புல் சருகு வந்து கரையில் குவியுமே, பழுப்பு நிறத்தில், இடுப்பளவு, அழுகின நாற்றத்தோடு. அதைப் பற்றி உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அழகான விஷயங்களைத்தான் சொல்லியிருப்பாள். அவள் வரப் போகிறாள் என்று நீ அக்டோபரில் எழுதியதும், நான் ஊரைக் கூட்டினேன். அஞ்சலட்டையில் இருக்கிற மாதிரி கரை வெள்ளையாக இருக்க வேண்டும், இத்தனை வருடம் கழித்து வருகிறவள் குப்பையை மிதித்துக்கொண்டா கடலுக்குப் போவாள் என்று பேசினேன். பேசினேன் என்றால், தேர்தலில்கூட யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நாலு பெண்கள் அழுதார்கள். பந்தெலிஸ் தன் மண் அள்ளும் வண்டியைக் கொண்டுவந்தான். மூன்று நாளில் ஒரு சருகு இல்லாமல் வாரி எடுத்து மலைக்கு அந்தப் பக்கம் கொட்டினோம். கரை பளிச்சென்று கிடந்தது. ஊரே வந்து பார்த்தது. எனக்குத்தான் முதல் கிண்ணம் ஒயின் ஊற்றினார்கள்.

ஜனவரியில் தெற்குக் காற்று அடித்தது. நான்கு நாள். வீட்டுக்குள் உப்பு. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கரையில் மணல் இல்லை, அரெத்தி. ஒரு பிடி இல்லை. கல். தேங்காய் அளவு, பூசணி அளவு, எல்லாம் கல். அந்த நாற்றம் பிடித்த சருகுக் குவியல்தான் இத்தனை வருடமாக அலைக்கு முன்னால் படுத்து மணலைக் காத்துக்கொண்டிருந்தது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அக்டோபரில் ஒருவன் சொல்லவில்லை. காப்பிக் கடையில் நான் நுழைந்தால் பந்தெலிஸ், "வாங்க துப்புரவு மந்திரி, அடுத்து கடலையும் துடைச்சுடலாமா?" என்கிறான். வண்டி அவனுடையது என்பதை மறந்துவிட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. மலைக்கு மேலே வீடு கட்டுகிறவனிடம் ஒரு லாரி மணல் கேட்டு வாங்கிக் கொட்டினேன். கட்டட மணல், கறுப்பாக இருந்தது, ஆனாலும் மணல். மறுநாள் காலை அதையும் கடல் எடுத்துக்கொண்டது. பலகை அடித்துப் பாதை போட்டேன், அலை பலகைகளைப் பிரித்து நம் ஆட்டுப்பட்டி வரை கொண்டுபோய்ப் போட்டது. பிறகு பாதிரியாரிடம் போய்க் கல்யாணத்துக்கு விரிக்கும் கம்பளத்தைக் கேட்டேன். அவர், "ஸ்டமாட்டி, உன் தங்கச்சிக்காகத் தர்றேன். கிழிஞ்சா அடுத்த கல்யாணத்துக்கு உன்னைத்தான் விரிப்பேன்" என்றார். கல்லின் மேல் கம்பளத்தை விரித்தால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கண்ணுக்கே தெரியவில்லை. அது இன்னும் மோசம்.

தீவின் பின்பக்கம் மணல் இருக்கிறது. ஆனால் அங்கே படகில்தான் போக முடியும், படகிலிருந்து அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போகலாமா என்று நான் முன்பு கேட்டதற்கு அவள் சொன்னதை நீ எழுதியிருந்தாய். "என்னை நாலு பேர் தூக்குறது ஒரு தரந்தான். அது இப்ப இல்ல." அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

போன வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன். நானே அனேஸாவாக நடந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை விறைப்பாக்கிக்கொண்டு, வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, இடது கையில் கோலை ஊன்றி வீட்டு வாசலிலிருந்து கடலை நோக்கி இறங்கினேன். காப்பிக் கடை முழுக்க வெளியே வந்து நின்றது.

"ஐயோ அண்ணே, நடையா அது, கள்ளு குடிச்ச நண்டு மாதிரி!"

"கோலைத் தள்ளி ஊன்று, தள்ளி! அது கல்லு, உன் பொண்டாட்டி இல்ல, சொன்னா நகராது!"

"அடுத்த ஒலிம்பிக்ஸுக்குப் பேர் கொடுத்துடுவோமா?"

பாதி தூரம் போய்விட்டேன். வேறு யாராக இருந்தாலும் கால் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு கல் புரண்டது. இடது காலால் தாங்கிக்கொண்டிருக்கலாம், என் இடது கால் நல்ல கால்தானே. ஆனால் அவளால் எப்படித் தாங்க முடியும் என்று நினைத்துக்கொண்டே விழுந்தேன். விழுந்து எழ முயன்றேன். கட்டின கையை அவிழ்க்கவில்லை. எழ முடியவில்லை. மேலே சிரிப்பு நின்றுவிட்டது. பந்தெலிஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். "போதும்ணே. எங்களுக்குத் தெரியும். எழுந்திருங்க" என்றான். அன்றைக்கு அவன் என்னிடம் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. முழங்காலில் ஒரு சின்னக் காயம், இரண்டு விரல் ஆழம் இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நீ கவலைப்படாதே. நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

வெள்ளிக்கிழமை ஏதென்ஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கடலைப் பற்றியே படித்தவர். கறுப்புக் கண்ணாடி, தோல் பை, கையில் ஒரு நீளக் கம்பி. தண்ணீரில் இறங்கி அந்தக் கம்பியால் அடியைக் குத்திப் பார்த்தார். நம் மணல் எங்கும் போகவில்லையாம், குடாவின் வாயில், இருபது அடி ஆழத்தில், அப்படியே படுத்திருக்கிறதாம். "வடக்குக் காற்று திரும்பினதும் தானா ஏறி வந்துடும் ஐயா. விண்ணேற்றத்துக்குள்ள வந்துடும், நான் எழுதியே தர்றேன்" என்றார். என் கணக்கும் அதுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "நீங்க எந்தக் கல்லூரியில படிச்சீங்க?" என்று கேட்டார். கடல் கல்லூரி என்றேன். சிகரெட் கொடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஆகவே டிக்கெட் எடுத்துவிடு. அனேஸா நாற்பது அலை வாங்கிக்கொள்ளட்டும். நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.

உங்கள் வழியை மாதா காக்கட்டும். உன் அம்மாவின் வலது கையை, அவளுக்கு அது தெரியாவிட்டாலும், எனக்காக ஒரு தரம் பிடித்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமன்
ஸ்டமாட்டிஸ்

பின்குறிப்பு: அரெத்தி, உறையை ஒட்டப் போனேன். உன் அத்தை, வாசித்துக் காட்டாமல் ஒட்டக்கூடாது என்று பிடித்துக்கொண்டாள். வாசித்தேன். ஆடு கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பளத்துக்குச் சிரித்தாள். இன்ஜினியர் பத்தி வந்ததும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கப்பலே வரலையேய்யா. காத்துல கப்பல் வரல. யாருய்யா வந்தது?" என்றாள். நான் உறையை மறுபடி கையில் எடுத்தேன். அவள் தொடர்ந்தாள். "அந்தப் பொண்ணு நம்பி அவளைக் கூட்டிட்டு வந்து இந்தக் கல்லு மேல நிறுத்தும். அப்ப அனேஸா உன் முகத்தைத்தான் பார்ப்பா. எங்க போய் ஒளிஞ்சுக்குவ?"

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாருங்கள் என்றும் எழுத முடியவில்லை, வராதீர்கள் என்றும் எழுத முடியவில்லை. அதனால் கிழிக்காமல் இதையே அனுப்புகிறேன். டிக்கெட்டைப் பற்றி நீயே முடிவு செய், நான் எதையும் தப்பாக நினைக்க மாட்டேன். வந்தால் அந்தக் கீழ் அறை இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும், சத்தமும் கேட்கும்.

மணல் எப்போது வரும் என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டேன். பாதிரியாரிடம் கேட்டேன், மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்டேன், பெரிய தீவில் இருக்கும் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். விண்ணேற்றத்துக்குள் வந்துவிடும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் நான் போனில் இருக்கு என்று சொல்லிவிட்டேனே, அதனால் அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த இன்ஜினியரை நான்தான் உண்டாக்கினேன். அப்படி யாரும் வரவில்லை, அரெத்தி.