இரண்டு இடது கைகளும் ஒரு பூசணியும்

மார்ச் 4
எட்டுச் சட்டைக்குக் காலர் வைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பின்பக்கம் போனால் பூசணிக்கொடி மதில் தாண்டியிருக்கிறது. ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். இத்தனை பூவில் பிடித்தது ஒரே பிஞ்சு, எலுமிச்சை அளவு. அதுவும் நாத்தனார் வீட்டுப் பக்கம். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். விழுந்தடித்து இறங்கினேன்.

மார்ச் 5
நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நானும் அண்ணியும் பேசி இரண்டு மாதம். அவருடைய முழுக்கைச் சட்டைக்கு இரண்டையுமே இடது கையாக வெட்டித் தைத்துவிட்டேன். இருபது வருஷத் தையல்காரி செய்கிற தப்பா அது? "எனக்கு ரெண்டும் இடது கைன்னு எப்பப் பாத்த?" என்றார். கடையே சிரித்தது. தப்பு என்னுடையதுதான். அதற்காக எல்லார் முன்னாலுமா?

மார்ச் 8
இலைகள் ஓரத்தோடு ஓரம் மடிந்து, வெள்ளை நூலால் ஒட்டியிருந்தன. ஹெம்மிங் போட்ட மாதிரி, நல்ல வேலை. பிரித்தேன். உள்ளே பச்சைப் புழு, முதுகில் நீளமாக இரண்டு வெள்ளைக் கோடு. பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

மார்ச் 9
விதைக்கடைக்காரரிடம் இலையைக் காட்டினேன். "இது இலையோட நிக்காது, பிஞ்சையும் குடையும். மடிஞ்ச இலையாப் பாத்துப் பொறுக்கி சோப்புத் தண்ணில போடுங்க. வேப்பெண்ணெய் அடிச்சா சாயங்காலமா அடிங்க, காலைல பூவுக்குத் தேனீ வரும்."
பொறுக்கினேன். முப்பத்தொன்று. என் பக்கம் மட்டும். பிஞ்சு இருப்பதோ அந்தப் பக்கம்.

மார்ச் 10
"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று இவரிடம் கெஞ்சினேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் தலை உருள வேணாம். நீயே போ."

மார்ச் 11
போகவில்லை. வேலை நிறைய — பொய். பயம். மறுபடி சிரித்துவிட்டால்?

மார்ச் 12
போனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போய், கதவு திறந்ததும் "புழு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.
"வா" என்று மதிலோரம் கூட்டிப்போனார். பிஞ்சைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சட்டைக்கை தொங்கியது, இரண்டு முனையும் நூலால் கட்டியபடி. நான் தைத்த கை. உள்ளே முஷ்டி அளவுப் பூசணி, ஒரு ஓட்டை இல்லை.
"நாலு நாளாச்சு புழுவைப் பாத்து. உன்கிட்டப் பேசத்தான் வாய் வரல. இடது கை ஒண்ணு கூடுதலா இருந்துச்சே, பிரிச்சு மாட்டிவிட்டேன்."
அழுகை வந்துவிட்டது. எனக்கு முன்னாலேயே அவர் பிஞ்சைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார். "மன்னிச்சிருங்க அண்ணி" எப்போது வாயில் வந்ததென்றே தெரியவில்லை.

மார்ச் 23
பூசணி பெருத்துக் கையின் தையல் விட்டுப்போயிற்று. என் தையல் பிரிந்து நான் சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.
அண்ணியின் சட்டைக்கு வலது கை வெட்டினேன். வெட்டுமுன் மூன்று முறை சரிபார்த்தேன். கடையிலேயே போட்டுப் பார்த்தவர், எல்லார் காதிலும் விழும்படி, "என் பக்கம் இன்னும் ரெண்டு பிஞ்சு விட்டிருக்கு. அதுக்கும் கை வேணும், வேற யார் சட்டையிலயாவது தப்புப் பண்ணு" என்றார்.
கடையே சிரித்தது. நானும்தான்.