கொன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்

மார்ச் 4
டேப்பை எடுத்து வந்து கொன்றை நிற்கும் இடத்தை அளந்தார் என் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கார் வெயிலில் நிற்பது பொறுக்கவில்லை.

"ஆறு வருஷமா இலையைத்தான் காட்டுது உன் மரம். இந்தக் கோடையிலயும் பூக்கலேன்னா வெட்டிட்டு ஷெட் போட்டுடுவேன்."

சரி என்றேன். பூக்கும். கொன்றை தாகம் தாங்கும் மரம். காய்ந்தால்தான் இலையை உதிர்த்துவிட்டுப் பூவுக்குத் தயாராகும். கேட்குமுன்பே விடையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை யோசிக்குமா? அதே கதைதான். வருஷா வருஷம் போல இன்றோடு தண்ணீர் நிறுத்தம்.

மார்ச் 15
பக்கத்து வீட்டுத் தையல்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "பிள்ளைங்கள முட்டி போட வெச்சது போதாதா டீச்சர்? மரத்தையுமா?"

மார்ச் 29
ஓர் இலைகூட உதிரவில்லை. புதுத் தளிர் வேறு. குச்சியால் கிளறினால் — மண் ஈரம்! குழாய் எங்காவது கசிகிறதா?

மார்ச் 30
குழாய் இல்லை, இந்த மனுஷன்! விடியற்காலையில் வாளியோடு நிற்கிறார். வெட்டப் போகிற அதே ஆள்!

"என்னங்க பண்றீங்க?"

"வெட்டறது வேற, தவிக்க விடறது வேற. பாவமா இருக்குல்ல?"

"தினமுமா?"

"தினமும்தான். ஒவ்வொரு கோடையிலயும்தான்."

திட்டுவதா, கட்டிக்கொள்வதா? உட்கார வைத்து விளக்கினேன், கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி. வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்போ பூக்காததுக்கு நான்தான் காரணமா?"

ஏப்ரல் 18
இலை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பெருக்குவது அவர்தான். முணுமுணுப்பு இலவசம்.

மே 5
மரம் மொட்டையாக நிற்கிறது. ஷெட் போடும் வெல்டர் வந்தார். "பட்டுப்போச்சு சார். சாய்ச்சிட்டு வேலைய ஆரம்பிச்சிடலாம்."

ரொம்பத்தான் காயப்போட்டுட்டேனோ?

இவர் போய் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை.

"உயிர் இருக்குப்பா. ஷெட்ட அப்புறம் பார்த்துக்கலாம்."

மே 27
சரம் சரமாக மஞ்சள். தையல்காரி ஊசியும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வாசலுக்கு வெளியே இன்னொரு கன்னு வைக்கலாமா? சத்தியமா தண்ணி ஊத்த மாட்டேன்."

கன்றுக்கு முதல் இரண்டு வருஷம் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!