மேடையில் மட்டும் குடித்த அப்பா

சார்,

சிதம்பரம் பேருந்து நிலையத்து வாசலில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். போன புதன்கிழமை கடலூர் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, கீழே கண்ணீர் வடிக்கும் ஒரு ஜோடிக் கண்கள், நடுவில் டை கட்டிய நீங்கள். ‘எங்கள் உள்ளங்களில் விளக்கேற்றியவரே’ என்று உங்கள் மாணவர்கள் போட்டிருக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கிறீர்கள். உங்கள் இடதுபக்கம் இன்னொருவருடைய தோள் கொஞ்சம் தெரிகிறது. வெள்ளைச் சட்டை. பேனர் செய்தவர் எவ்வளவோ வெட்டிப் பார்த்திருக்கிறார், அதற்கு மேல் முடியவில்லை. அது என் அப்பாவின் தோள்.

அப்பாவும் அன்று என்னோடுதான் நின்றார். பேனரை அண்ணாந்து பார்த்து உங்களை அடையாளம் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “பாவம், சாவற வயசா இது? உன்னப் பேச வச்ச மனுசன்” என்றார். அவருடைய தோளை அவர் கவனிக்கவில்லை. நான் காட்டவும் இல்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த புது ஃப்ளெக்ஸ் வாசனை மூக்கில் ஏறியது. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் வேறு யாரிடமும் பேசவில்லை, உங்களிடமே பேசுகிறேன். அந்த மரியாதை உங்களுக்குப் போதும்.

நான் உங்களிடம் வந்தது 2005இல். பி.காம். முடித்துச் சிப்காட்டில் இரண்டு கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போய், பெயரையும் ஊரையும் தவிர வேறெதுவும் வாயில் வராமல் திரும்பியிருந்தேன். கீழவீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் உங்கள் அலுவலகம். ‘ஆளுமை வளர்ச்சி, தொழில் முன்னேற்றம்’ என்று போர்டு. செவ்வாய்க்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் தனிப்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது கல்யாண மண்டபத்தில் பொதுக்கூட்டம். மே மாத வெயிலிலும் டை. தொண்டைக்கு நல்லது என்று வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். “தொண்டையால பேசாத, வயித்துலேருந்து பேசு” என்றீர்கள். எதிரில் இருப்பவரின் புருவத்துக்கு நடுவில் பார்க்கச் சொன்னீர்கள். ‘முடியாது’ என்ற வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் எழுந்து நின்று மூன்று முறை ‘முடியும்’ என்று கத்த வேண்டும். நான் அடிக்கடி கத்தியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அதற்காக உங்களைத் தெய்வமாக நினைத்தேன். அந்த நினைப்பை எண்ணினாலே இப்போது உடம்பு கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டீர்கள், “உன் வாழ்க்கையிலயே உனக்கு ரொம்ப வெட்கமான விஷயம் எதும்மா?” யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். முதல் நேர்காணலுக்கு அப்பாதான் எங்கள் ஊர் குமராட்சியிலிருந்து மொபெட்டில் கூட்டிவந்தார். அவர் ஆயில் இஞ்சின் மெக்கானிக். விடிகாலையில் ஒருவர் வயலுக்குப் போய் இஞ்சினை ஓடவிட்டு, மாற்றுச் சட்டைகூடப் போடாமல் வந்திருந்தார். கம்பெனி வாசலில் கிரீஸ் சட்டையோடு நின்றவரை ஜன்னல் வழியாகப் பார்த்து, நேர்காணல் எடுத்த அதிகாரி “அது யாரும்மா?” என்றார். “தெரிஞ்சவங்க சார்” என்றேன். அதற்குப் பிறகு அங்கே எனக்குப் பேச்சே வரவில்லை.

நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். நீங்கள் பேனாவால் மேஜையைத் தட்டினீர்கள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கெல்லாம் ஹால்ல யாரும் அழமாட்டாங்க. அப்பா குடிப்பாரா?”

“இல்ல சார்.”

“எப்பவாவது?”

“இல்லவே இல்ல சார்.”

அவருடைய அண்ணனைச் சாராயம்தான் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடை இருக்கிற தெருவழியாகக்கூட அப்பா போகமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். இஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் யாராவது பாட்டிலை நீட்டினால் “எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுங்க, போதும்” என்பார். ஊரே அதை வைத்துக் கிண்டல் செய்யும். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள், “கதைன்னா கொஞ்சம் இருட்டு வேணும்மா. அப்பத்தான் வெளிச்சத்துக்கு மரியாதை. அவரு குடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எழுதிட்டு வா. வீட்டுப்பாடம்.”

எழுதினேன். என்னைக் கையைப் பிடித்து யாரும் எழுதவைக்கவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து என் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் போடுகிறார், பாதி எரிந்த வணிகவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் படித்துப் பாஸாகிறேன். படித்துவிட்டு உங்கள் கண் கலங்கியது. “இதான்! இதான் வேணும்!” என்று எழுந்து கை கொடுத்தீர்கள். அதுவரை என்னை யாரும் எதற்கும் எழுந்து நின்று பாராட்டியதில்லை. பெருமையாக இருந்தது, சார். அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றுவரை கழுவ முடியவில்லை.

பிறகு நீங்களே ஒரு பழைய புத்தகத்தை வாங்கிவந்து, மேஜைமேல் மெழுகுவத்தி ஏற்றி, ஓரங்களைப் பதமாகக் கருக்கினீர்கள். மேடையில் எந்த வரியில் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும், தூக்கியபின் எத்தனை நொடி பேசாமல் நிற்க வேண்டும் என்றெல்லாம் பழக்கினீர்கள். புவனகிரி, நெய்வேலி, பண்ருட்டி, கடலூர் என்று எத்தனை மேடை ஏறினோமோ, நான் எண்ணவில்லை.

ஒருமுறை தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிப்போனீர்கள். சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நம்பிக்கை ஊட்டப்போகிறோம் என்றீர்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். யாரும் அழவில்லை. முடிந்தபிறகு ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடிகாரனா இருந்தா இன்னாம்மா, உனக்கு அப்பன்னு ஒருத்தரு உசுரோட இருக்காரே. எம் புள்ளைங்களுக்கு அதுவும் இல்ல” என்றாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. திரும்பும்போது காரில் நீங்கள் கிராம்பை மென்றுகொண்டே சொன்னதை மறந்திருக்கமாட்டீர்கள். “அந்தம்மா சொன்னது பிரமாதம். அடுத்த கூட்டத்துல அதையும் சேத்துக்க.”

சேர்த்துக்கொண்டேன். த்தூ.

2007இல் கடலூரில் அந்தக் கூட்டம். நான் என்ன பேசுகிறேன் என்று வீட்டில் சொன்னதே இல்லை. ‘டிரெயினிங்’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். போஸ்டரில் என் படத்தைப் பார்த்த ஒருவர் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் பேசாமல் நிற்கும் அந்த நொடிகளில்தான் கவனித்தேன்.

நான் நிறுத்தியிருக்கலாம். மயக்கம் வந்ததுபோல் விழுந்திருக்கலாம். நிறுத்தவில்லை, சார். வயிற்றிலிருந்து வரும் குரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கதையில் அப்பா என் அம்மாவைத் தள்ளிவிடும் இடம் வரைக்கும் சொல்லி முடித்தேன். ஹால் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். நீங்கள் மைக்கை வாங்கி மழைக் கைதட்டல் கேட்டீர்கள். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய் மழை மாதிரிக் கொட்டுவது. அப்பாவுக்கு அது தெரியாது. பக்கத்து ஆளின் கையைப் பார்த்துப் பார்த்து ஒரு விரலால் தட்டினார், இரண்டு விரலால் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் அப்பா என்னிடம் வந்தார். யாரோ ஒரு அதிகாரி, நல்ல மனிதர்தான், “நீங்கதான் அந்த அப்பாவா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. “இப்ப விட்டாச்சா?”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“வுட்டுட்டன் சார். பாப்பா சொல்லித்தான் வுட்டன்.”

அந்த இடத்தில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் பாய்ந்துவந்து அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். போட்டோக்காரரைக் கூப்பிட்டீர்கள். இப்போது பேனரில் இருக்கும் சிரிப்பு அப்போது சிரித்ததுதான். உங்கள் வாழ்க்கையில் எத்தனையோ போட்டோ எடுத்திருப்பார்கள். அதில் இதுதான் நன்றாக இருக்கிறதென்று உங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரைக் கோபிப்பது என்றே தெரியவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி, குமராட்சி மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, “அந்தப் பொஸ்தவத்தக் குடு” என்றார் அப்பா. கருகின ஓரங்களை விரலால் தடவினார். “படிக்கிற பொஸ்தவத்தப் போயி யாருனா கொளுத்துவாங்களா? ஏம்மா கொளுத்துனாங்க?” அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச தூரம் போனபின் கேட்டார், “அதெல்லாம் அந்த சாரு எழுதிக் குடுத்ததா?”

“ஆமாப்பா” என்றேன்.

உங்கள்மேல் எனக்கு இவ்வளவு அருவருப்பு இருக்கிறதே, உங்களுக்கும் என்மேல் ஒரு நியாயமான குறை உண்டு என்றால் அது இதுதான். எழுதியது நான். பழியை உங்கள்மேல் போட்டேன். அவரும் நம்பி, “நல்லா பேசுன. பயப்படாமப் பேசுன” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் துள்ளிக்கொண்டிருந்தீர்கள். “அப்பாவையும் மேடையேத்துவோம். ரெண்டு பேரும் சேந்து நின்னா ஹாலே தாங்காது.” முடியாது சார் என்றேன். எழுந்து நின்று மூன்று முறை ‘முடியும்’ என்று கத்தச் சொன்னீர்கள். கத்தவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்று வரவில்லை. கடலூரில் வேலை கிடைக்கும்வரை இன்னும் நாலு மாதம் உங்களோடு இருந்தேன். அப்பாவை மட்டும்தான் மேடையேற விடவில்லை, கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வேலையும் நீங்கள் கொடுத்த குரலால்தான் கிடைத்தது. ஒரு தனியார் கல்லூரியில் பிள்ளைகளை நேர்காணலுக்குத் தயார் செய்யும் வேலை. உங்கள் தொழில்தான்.

குமராட்சியில் அப்பாவை அறிந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்களே. உங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு ரைஸ்மில் முதலாளி, ஒவ்வொரு தடவை இஞ்சின் பார்க்கக் கூப்பிடும்போதும், “மறுபடி ஆரம்பிச்சிடாதய்யா” என்று முதுகில் தட்டி அனுப்புகிறாராம். அப்பா தலையாட்டிவிட்டு வருகிறாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை நாங்கள் கடலூருக்குப் போனது ஒரு டாக்டரைப் பார்க்க. அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டினார், ஈரலில் ஏதோ இருக்கிறது என்றார். பிறகு அப்பாவிடம் கேட்டார், “குடிப்பழக்கம் உண்டுங்களா?”

சட்டென்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“இல்ல டாக்டர். ஒருநாள்கூட இல்ல” என்றேன். வயிற்றிலிருந்து, புருவத்துக்கு நடுவில் பார்த்து, நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே குரலில். டாக்டர் இப்படிப்பட்ட மகள்களை நிறையப் பார்த்திருப்பார் போல. என்னைக் கையமர்த்திவிட்டு, “பெரியவரே, நீங்க சொல்லுங்க. மறைச்சா வைத்தியம் தப்பாப் போயிடும்” என்றார்.

“பாப்பா எப்பிடிச் சொல்லுதோ அப்பிடியே எழுதிக்கிங்க சார்” என்றார் அப்பா.