ஜெசி, பீர் பழுப்பாகவில்லை

கராஜின் ராணியும் என் வாயாடியுமான ஜெசிக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பீர் பழுப்பாகவில்லை. பீப்பாயில் ஏற்றி வாரங்கள் ஆகிவிட்டன. இன்று காலைகூட ஒரு கிளாஸ் பிடித்து, கராஜ் வாசலில் வெயிலுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். மாம்பழ ஜூஸ் மாதிரி மஞ்சள். கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரியவில்லை. மேலே பாலாடை போல நுரை. குடிக்கவில்லை. காலையிலேயே குடிக்கும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. பார்க்கத்தான் பிடித்தேன்.

தமிழ்ச் சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "அந்தப் பொண்ணு சர்ச்ல பாடும், சனிக்கிழமை பிள்ளைங்களுக்குத் தமிழ் கிளாஸ் எடுக்கும், அதெல்லாம் எழுதும்மா" என்றார் மலர்ப் பொறுப்பில் இருக்கும் சிவா அங்கிள். நான் பீரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். பீரா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "எழுதும்மா, பாத்துக்கலாம்" என்றார்.

பாட்டையும் கிளாஸையும் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நீ கோபித்தும் சிரித்தும் விடாமல் ஒரு காரியத்தைத் துரத்தியது இந்த மில்பிடாஸ் வீட்டு கராஜில். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். நம் ஹவுஸ்மேட் ரம்யாவும் பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

உன் ஆபீஸ் பார்ட்டியில் முதல்முறை அந்தக் கலங்கலான பீரைக் குடித்துவிட்டு வந்து நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏட்டி செல்வி, அது பீரே இல்ல. கொய்யாப்பழத்தையும் மாம்பழத்தையும் சேத்துப் பிழிஞ்ச மாதிரி இருக்கு. கசக்கவும் செய்யுது, இனிக்கவும் செய்யுது. நாம போடுறோம்."

நாம் என்று சொன்னாய். என்னைக் கேட்கவில்லை. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிற அப்பாவுக்கு, மகள் அமெரிக்காவில் சர்க்யூட் போர்டு கம்பெனியில் தரம் பார்க்கிறாள் என்பதே பெரிய பெருமை. மீட்டிங்கில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட என்னை வாளி பிடிக்க வைத்தாய்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியையும் ஓட்ஸையும் வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்தோம். ஓட்ஸ்தான் அந்த வழவழப்பைத் தரும் என்று நீ படித்து வந்திருந்தாய். ஹாப்ஸ் என்ற பூவை இடித்து மாத்திரைபோல் ஆக்கி விற்பார்கள், பச்சையாக. அந்தப் பாக்கெட்டைப் பிரித்தபோது ரம்யா எட்டிப் பார்த்து, "என்னடி, மாட்டுத்தீவனம் வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். நீ ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினாய். அதன்பிறகு அவள் மாட்டுத்தீவனம் என்று சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.

ஆனால் ஜெசி, ஒவ்வொரு முறையும் அது பழுப்பாகியது. புளித்து முடிகிறவரை பொன்மஞ்சளாக இருக்கும். பீப்பாய்க்கு மாற்றிய சில நாளில் மங்கும். பிறகு கழுவாத பாத்திரத்துத் தண்ணீர் நிறம். கொய்யா வாசனை எங்கே போகும் என்றே தெரியாது.

சான் ஹோசேயில் வீட்டில் பீர் போடுகிறவர்களின் சங்கத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனோமே. க்ரெக் என்ற தாடிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, நனைந்த அட்டைப்பெட்டி ருசி வருகிறது என்றார். எங்கேயோ காற்று உள்ளே போகிறது, பாருங்கள் என்றும் சொன்னார். நீ காரில் ஏறியதும் சொன்னாய்: "அட்டைப்பெட்டியாம்ல. அவரு எத்தன அட்டைப்பெட்டி தின்னுருக்காரு?"

சொன்னாயே தவிர, மறுநாளே மூடியை மாற்றினாய். வாஷரை மாற்றினாய். குழாய்களையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தாய். காற்று எங்கிருந்து போகிறது என்று தேடிக்கொண்டே இருந்தோம். மறுபடியும் பழுப்பு. ஒவ்வொரு முறையும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நீ எதுவும் சொல்லாமல் கை கழுவப் போவாய். நீ பேசாமல் இருந்த நேரங்கள் அவை மட்டும்தான்.

பிறகு ஒரு நாள் தலை வலிக்கிறது என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தாய். ஆஸ்பத்திரிக்கு நீயே நடந்துபோய்க் காரில் ஏறினாய். அதற்குமேல் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜில் ஒரு ஜாடி மிஞ்சியிருந்தது. முந்தைய பீரின் அடியில் தங்கிய, புளிக்கவைக்கும் ஈஸ்ட், நீ எடுத்து வைத்தது. இட்லி மாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில், மூடியில் உன் கையெழுத்து: "இது மோர் இல்ல. ரம்யா, உன்னத்தான்." ஃப்ரீசரில் நீ வாங்கிய கடைசி ஹாப்ஸ் பாக்கெட். உன் கைபட்ட பொருட்களால் இன்னும் ஒரே ஒரு பீர்தான் போட முடியும் என்பது அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது. அதனாலேயே மாதக்கணக்கில் போடாமல் இருந்தேன். ஈஸ்ட் உயிருள்ளது. இப்படியே வைத்திருந்தால் செத்துப்போகும் என்பதும் தெரியும்.

உன் அம்மா தூத்துக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "அந்தப் பார்லித் தண்ணி இன்னும் போடுதியா பிள்ள?" என்று கேட்டார்கள். நீ அவர்களிடம் பார்லித் தண்ணீர் என்று சொல்லியிருந்தாய். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

"இல்லம்மா" என்றேன்.

"போடு. அதப் பத்திப் பேசும்போது அவ குரலே வேறயா இருக்கும்."

அன்று ஜாடியை வெளியே எடுத்தேன். கொஞ்சம் பார்லிச் சாறு காய்ச்சி, ஆறவைத்து, ஜாடியில் விட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் ஓடிப் பார்த்தேன். விளிம்பில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. ரம்யாவைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்து, "உயிரோட இருக்குடி" என்றாள். 

பார்லி, ஓட்ஸ், கொதி, எல்லாம் உன் கணக்குப்படியே. ஈஸ்ட் விடுவதற்குமுன் நீ ஸ்டூலில் ஏறி நின்று ஆற்றுவாயே, வாளிக்கு வாளி, ஒரு முழ உயரத்திலிருந்து? நீ மேலே, நான் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் தெறிக்க. இந்த முறை கீழ் வாளியைத் தரையில் வைத்துவிட்டு நானே ஸ்டூலில் ஏறினேன். கால்வாசி தரையில் போனது. மீதி நுரைத்தது. ஈஸ்டுக்கு ஆரம்பத்தில் காற்று வேண்டும். அப்போது ஆற்றுவது சரிதான்.

பீர் புளித்து முடியும் தறுவாயில் உன் ஹாப்ஸைப் போட்டேன். கராஜ் முழுக்கக் கொய்யா. பீப்பாய்க்கு மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் சமையலை முடித்துவிடலாம் என்று வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போட்டேன். காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்று யாரும் நினைத்துக்கொண்டு செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. பாதிக் காயில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

வேலையில், உலோகத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சாலிடர் உலைக்குள் நைட்ரஜன் விடுகிறோம், காற்றுப் பட்டால் உலோகம் மங்கும் என்று. அது சரியாகப் போகிறதா என்று தினமும் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் வீட்டுக்கு வந்து, புளித்து முடிந்த பீரையும் பீப்பாய்க்கு மாற்றும்போது நீ ஸ்டூலில் ஏறி நின்று ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டு வாளி பிடித்திருக்கிறேன். "நுரை வேணும்னா ஆத்தணும்லா. காப்பிக்கு ஒரு நியாயம், பீருக்கு ஒரு நியாயமா?" என்பாய். மூடியில் காற்றைத் தேடினோம், வாஷரில் தேடினோம். ஆற்றுவதை ஒரு வேலை என்றே நாம் எண்ணவில்லை. அதனால் க்ரெக்கிடம்கூட அதைச் சொன்னதில்லை. காற்று போன ஓட்டை எது தெரியுமா, ஜெசி? நீதான்.

தனியாகச் சிரித்தேன். அப்புறம் உன்னிடம் சொல்ல முடியாதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

ரம்யாவிடம் சொன்னேன். குழாயைப் புளிக்கவைத்த தொட்டியின் அடியிலிருந்து பீப்பாயின் அடிவரை மாட்டி, முதலில் காற்றை விரட்டப் பீப்பாயைக் கார்பன் டை ஆக்ஸைடால் நிரப்பி, சத்தமில்லாமல் இறக்கப்போகிறேன் என்று.

அவள் கராஜ் கதவில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். "செல்வி, நான் சீரியஸாத்தான் சொல்றேன். இது அவளோட லாஸ்ட் பேட்ச். அவ பண்ண மாதிரியே ஆத்திடேன். நானே வாளி பிடிக்கறேன். பழுப்பானா ஆகட்டும். ஜெசி பீருன்னா பழுப்புதானே?"

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஸ்டூல் அங்கேயே இருந்தது. உன்னைப் போலவே ஏறி நின்று ஊற்றினால் ஒரு நிமிஷமாவது நீ இங்கே இருப்பதுபோல இருக்கும். எனக்கும் ஆசைதான்.

"அவளுக்குப் பழுப்பு பிடிக்காது ரம்யா," என்றேன். "ஒவ்வொரு தடவையும் அவ முகம் எப்படிப் போகும்னு நீ பாக்கல. நான் பாத்திருக்கேன். அவ கேட்டது மஞ்சள்."

என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்காமல் சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன். ரம்யா போய்க் குழாயின் மறுமுனையைப் பிடித்தாள்.

சத்தமே இல்லாமல் இறங்கியது. தெறிப்பு இல்லை, நுரை இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை. உனக்கு ரொம்ப போரடித்திருக்கும்.

ஒரு வாரம் போனது, மஞ்சள். இன்னொரு வாரம் போனது, மஞ்சள். மூன்றாவது வாரம் அந்த பீர் சங்கத்தில் ருசி பார்க்கும் நாள். எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எப்போதும் நீ பேசுவாய், நான் தட்டோடு பின்னால் நிற்பேன். இந்த முறை க்ரெக் குடித்தார். கிளாஸைத் தூக்கி விளக்கில் பார்த்தார். மறுபடி குடித்தார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் போய்விட்டது. அதனால் இரண்டு கிளாஸில் தண்ணீர் எடுத்தேன். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, ஆற்றிக் காட்டினேன். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை, ஜெசி. எங்கள் ஊரில் காபிக்கு இப்படிச் செய்வோம், என் தோழி பீருக்கும் செய்தாள் என்றேன்.

"எவ்ரி டைம்?" என்றார் க்ரெக்.

"எவ்ரி டைம்."

அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் பெயரைச் சொன்னேன், ஜெசிந்தா என்று முழுதாக. நீ இல்லை என்றும் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. க்ரெக் காலிக் கிளாஸை மறுபடி என் பக்கம் நீட்டினார். ஊற்றினேன், ஓரமாகச் சாய்த்து, ஆற்றாமல்.

சிறந்த பீருக்கான ஓட்டெடுப்பில் நமக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஒரு கறுப்பு பீருக்கு. நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். நான் பதிவுச் சீட்டில் நம் இருவர் பெயரையும் எழுதியிருந்தேன், உன்னுடையது முதலில். வாசித்தவர் தப்பில்லாமல் வாசித்தார்.

இரண்டாம் இடம் வந்ததை உன் அம்மாவிடம் சொன்னேன். பார்லித் தண்ணீர் இல்லை, பீர் என்றும் உடைத்துச் சொன்னேன். பயந்துகொண்டேதான். "தெரியும்ட்டி," என்றார்கள். "பார்லித் தண்ணிக்கு யாரு பரிசு குடுப்பா? அவ ஏமாத்துறதா நெனச்சிக்கிட்டா. நானும் ஏமாந்த மாதிரியே இருந்துட்டேன்." பிறகு, "நல்ல நெறமா வந்துச்சா?" என்று கேட்டார்கள்.

நல்ல நிறமாக வந்தது என்றேன். இந்தக் கேள்வியைத்தான் நீ எத்தனை முறை என்னிடம் கேட்டிருப்பாய்? நான் எத்தனை முறை பதில் சொல்லாமல் வாளியைக் கழுவியிருப்பேன்?

தொட்டியின் அடியில் தங்கிய ஈஸ்டை மறுபடி ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய மூடியையே போட்டிருக்கிறேன். ரம்யா அதைப் பார்த்து, "இன்னும் என் பேர எடுக்க மாட்டீங்களா?" என்கிறாள். எடுக்க மாட்டேன்.

அடுத்த பீர் போடும்போது, ஈஸ்ட் விடுவதற்குமுன், ஸ்டூலில் ஏறி உன்னைவிட உயரத்திலிருந்து ஆற்றுவேன். கராஜ் சுவரெல்லாம் தெறிக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டைக்கூடக் காற்றில் விட மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கீழ் வாளியிலிருந்து ஸ்டூலுக்கு ஏறிவிட்ட உன் தோழி,
செல்வி